துணி யாருடையது?

லண்டனிலிருந்து வந்திருந்த நண்பர் பையைத் திறந்து ஒரு டிசர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பள்ளிப் பருவத்திலேயே பெற்றோருடன் இங்கிலாந்து போனவர். நெஞ்சில் தமிழ் எழுத்து அச்சிட்ட டிசர்ட்டுகளைத் திருப்பூரில் தைத்தெடுத்து, லண்டன் தமிழ்ப் பிள்ளைகளிடம் விற்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 2025 செப்டம்பரில் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு பனியன் கம்பெனிக்குப் போனார். முதலாளிக்கு அறுபதை நெருங்கும் வயது. அவர் டிசர்ட்டை விரித்துப் பார்க்கவில்லை, எழுத்தைப் படிக்கவில்லை. மடிப்புக் கலையாமல் எடுத்துப் பக்கத்திலிருந்த தராசில் வைத்தார். பிறகு ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார்.

“முப்பதாம் நம்பர் நூலுங்க. நூத்தறுபது ஜிஎஸ்எம் வரும். கலருக்கு எத்தனை பீஸு போடலாம்னு இருக்கீங்க தம்பி?”

“மொத்தமா முந்நூறு, ஐயா. நாலு நிறம், அஞ்சு சைஸ். செய்யேலுமோ?”

அவர் காகிதம் எடுக்கவில்லை. “பீஸுக்கு இருநூறு கிராம் வச்சா அறுபது கிலோ துணி. கலருக்குப் பதினஞ்சு கிலோ. பதினஞ்சு கிலோவுக்குச் சாயப்பட்டறைல மிஷின் ஓட்ட மாட்டாங்க. ஓட்டினாலும் அந்த ரேட்டு உங்களுக்குக் கட்டாதுங்க.”

வெளிநாட்டில் தைத்து வாங்கிச் சொந்த நாட்டில் விற்பது என்றதும் கூலி வித்தியாசம்தான் எல்லோர் மனத்திலும் வருகிறது. அது பாதி உண்மைதான். அன்று அந்த அறையில் தையற்கூலி பற்றிய பேச்சு கடைசியில்தான் வந்தது. அதற்கு முன் ஒரு மணி நேரம் பேசியதெல்லாம் துணியைப் பற்றி. யார் வாங்குவது, யார் காசில் சாயம் போடுவது, மிஞ்சினால் யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு போனது. இந்த வணிகத்தின் அறுபது ஆண்டு வரலாற்றைப் படிக்கும்போதும் அதே கேள்விதான் எனக்குத் திரும்பத் திரும்ப எழுகிறது. ஊசியின் கீழே கிடக்கும்போது துணி யாருடையது?

முதலில் ஊசி ஏன் நாடு விட்டு நாடு போகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நூற்பும் நெசவும் இயந்திரத்துக்குப் போய் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஒரு நூல் மில்லில் ஆயிரக்கணக்கான கதிர்களை ஒருசிலர் பார்த்துக்கொள்ள முடியும். தையல் அப்படி ஆகவில்லை. ஐசக் சிங்கர் தன் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1851-ல். அன்று முதல் இன்று வரை ஒரு மிஷினுக்கு ஓர் ஆள் என்ற கணக்கு பெரிதாக மாறவில்லை. இன்றைய ஓவர்லாக் மிஷின் நிமிடத்துக்கு ஐயாயிரம் தையலுக்கு மேல் போடும். ஆனால் ஊசி ஓடும் நேரம் குறைவு. துண்டை எடுப்பது, ஓரத்தோடு ஓரம் சேர்ப்பது, வளைவில் திருப்புவது, முடித்ததை அடுத்தவர் பக்கம் தள்ளுவது என்று பெரும்பகுதி நேரம் கைக்கே போகிறது. தொளதொளவென்று சரியும் பின்னல் துணியைப் பிடித்து ஊசிக்குக் கொடுக்க மனிதக் கைக்கு ஈடான கருவி பரவலாக வரவில்லை. ஆகவே ஆடைத் தொழிலில் இயந்திரத்தால் கரைக்க முடியாத செலவாகக் கூலி நின்றுவிட்டது. கூலி குறைந்த இடம் தேடி ஊசி புறப்பட்டதற்கு அதுவே காரணம்.

அப்படிப் புறப்பட்ட தொடக்க காலத்தில் துணி விற்பவருடையதாகவே இருந்தது. 1963-ல் அமெரிக்கா கொண்டுவந்த புதிய சுங்க அட்டவணையில் 807 என்ற எண்ணுள்ள ஓர் இனம் உண்டு. அமெரிக்காவில் செய்த பாகங்களை வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கே ஒன்றுசேர்த்துத் திரும்பக் கொண்டுவந்தால், அந்தப் பாகங்களின் விலைக்கு வரி கிடையாது. வெளியே கூடிய மதிப்புக்கு மட்டும் வரி கட்டினால் போதும். மின்னணுப் பொருள், மோட்டார் பாகம் எல்லாவற்றுக்கும் பொருந்திய விதிதான் என்றாலும் ஆடைக்காரர்கள் அதை இறுகப் பற்றிக்கொண்டார்கள். 1965-ல் மெக்சிகோ தன் வட எல்லையோரம் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்குச் சுங்கச் சலுகையோடு இடம் கொடுத்தது. அமெரிக்காவில் வெட்டிய துண்டுகள் கட்டுக்கட்டாக எல்லை தாண்டிப் போய் சட்டையாகவும் கால்சட்டையாகவும் உள்ளாடையாகவும் திரும்பின. 1986-ல் கரீபியன் நாடுகளுக்கு இதில் கூடுதல் சலுகை கிடைத்தது. துணி அமெரிக்காவில் செய்யப்பட்டதாகவும் அங்கேயே வெட்டப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

மேற்கு ஜெர்மனிக்காரர்கள் துணியை யூகோஸ்லாவியாவுக்கும் போலந்துக்கும் ஹங்கேரிக்கும் அனுப்பித் தைத்து வாங்கினார்கள். அதற்கும் சுங்கச் சட்டத்தில் தனி ஏற்பாடு இருந்தது. ஃப்ரோபல், ஹைன்றிக்ஸ், க்ரையே என்ற மூன்று ஆய்வாளர்கள் 1977-ல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூல் அந்நாட்டுத் துணி, ஆடைத் தொழில்கள் இப்படி வெளியே நகர்ந்ததை விரிவாகப் பதிவு செய்தது. ‘புதிய சர்வதேச உழைப்புப் பிரிவினை’ என்ற தொடரைப் பரப்பியது அந்த நூல்தான். அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் கூலிக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். எனக்குப் படுவது வேறு. அந்த ஏற்பாடு நம் தெரு டெய்லரிடம் துணி கொடுத்துத் தைக்கச் சொல்வதைப் போன்றது. துணி நம்முடையது. டெய்லர் அளவைக் கெடுத்துவிட்டால் சண்டை போடலாம், ஆனால் போனது நம் துணி. நாம் சட்டையை வாங்க வராமலே இருந்துவிட்டால் அவருக்கு நட்டம் தன் கூலி மட்டும். கூலி குறைந்த நாட்டுக்குத் தையலைத் தள்ளிய அமெரிக்க, ஜெர்மன் வணிகர்கள் தங்கள் துணியின் கவலையைத் தங்களிடமே வைத்திருந்தார்கள். பருவம் தவறினால், மோஸ்தர் மாறினால், கடையில் விற்காமல் போனால் அடி அவர்களுக்குத்தான்.

திருப்பூருக்கு வந்தவர்கள் துணி கொண்டுவரவில்லை. துணி இங்கே ஏற்கெனவே இருந்தது.

1920-களில் குலாம் காதர் என்பவர் கல்கத்தாவிலிருந்து பின்னல் மிஷின் கொண்டுவந்து பனியன் தொழிலைத் தொடங்கினார் என்பது ஊர் சொல்லும் வரலாறு. சுற்றிலும் கரிசல் பருத்தி, கோவையில் நூல் மில்கள், ரயில் நிலையம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். வட்டப் பின்னல் மிஷினில் துணி குழாயாக இறங்கும். குழாயின் சுற்றளவையே உடம்பின் சுற்றளவாக வைத்துக்கொண்டால் பக்கத் தையல் வேண்டாம். கழுத்தையும் கையையும் வெட்டி ஓரம் அடித்தால் பனியன் முடிந்தது. எழுபத்தைந்து, எண்பது, எண்பத்தைந்து என்று சென்டிமீட்டரில் சைஸ் சொல்லி இந்தியா முழுக்க விற்றார்கள். 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் மும்பை வழியாக இங்கே வந்து வெள்ளை டிசர்ட் கேட்டார் என்பதிலிருந்து ஏற்றுமதிக் கதை தொடங்குகிறது. 1981-ல் ஐரோப்பியச் சங்கிலிக் கடையான சி அண்ட் ஏ வந்தது. பனியன் தைத்த கைகளுக்கு டிசர்ட் புதிய வித்தையே அல்ல. கொஞ்சம் கனத்த துணி, கழுத்துக்கு ரிப் பட்டி, தோளில் ஒரு நாடா, அவ்வளவுதான். இன்று ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி. இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஊரிலிருந்து போகிறது.

வெரோனாவுக்குப் பின் வந்தவர்களுக்கு இந்த ஊர் ஏன் அவ்வளவு பிடித்துப்போனது? கூலி ஒரு காரணம். ஊரின் அமைப்பு அதைவிடப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பின்னலாடைத் தொழில் 2005 வரை சிறுதொழிலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு கூரைக்கடியில் பெரிய ஆலை கட்டுவது எளிதல்ல. எனவே ஒவ்வொரு வேலையும் தனித்தனி யூனிட்டாகப் பிரிந்தது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், பிரிண்டிங் இன்னோரிடம். தையலுக்குப் பவர் டேபிள் ஜாப் ஒர்க். பிசிறு வெட்ட, செக்கிங் செய்ய, அயர்ன் போட, பேக்கிங் பண்ண வேறு கைகள். துணி டெலிவரி சலானோடு சிறு வண்டிகளில் ஊருக்குள்ளேயே பத்து வாசல் ஏறி இறங்கும். ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட திருப்பூர் பற்றிய ஆய்வு நூல், இங்கே முதலாளியானவர்களில் கணிசமானவர்கள் தொழிலாளியாகத் தொடங்கிய கொங்கு வேளாளக் குடியானவர்கள் என்று காட்டியது. தங்கள் ஏற்றத்துக்குக் காரணமாக அவர்கள் சொன்ன ஒரே சொல் ‘உழைப்பு’ என்பதையும் அது நுணுக்கமாக ஆராய்ந்தது. சொந்தக்காரர், பழகினவர் என்ற நம்பிக்கையில் நூல்காரர் நாற்பது நாள் கடன் தருவார், சாயப்பட்டறைக்காரர் இரண்டு மாதம் பொறுப்பார். ஆக, வெளியிலிருந்து வரும் வணிகர் ஒரு மிஷினும் வாங்க வேண்டாம், ஒரு கிலோ நூலும் வாங்க வேண்டாம். சாம்பிளை மேசைமேல் வைத்துவிட்டு விமானம் ஏறினால் போதும். அவருடைய துணிக்கு முதல் போட ஒரு ஊரே இருந்தது.

உலக நாடுகளின் கோட்டா முறை இந்தப் பழக்கத்தை இன்னும் பரப்பியது. 1974-ல் நடைமுறைக்கு வந்த பல்லிழை ஒப்பந்தம் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை எடுக்கலாம் என்று வரம்பு கட்டியது. அது 2004 கடைசி வரை வெவ்வேறு உருவில் நீடித்தது. தென்கொரியாவின் கோட்டா நிரம்பிவிட்டதால் தேவூ நிறுவனம் வங்கதேசத்தின் தேஷ் கார்மெண்ட்ஸோடு கைகோத்து, 1979-ல் நூற்று முப்பது பேரைப் பூசானுக்கு அழைத்துப்போய்த் தொழில் கற்றுக்கொடுத்தது. அவர்களில் பலர் திரும்பி வந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். வங்கதேசத்தில் துணி இல்லை. அதை இறக்குமதி செய்யப் பணமும் இல்லை. பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு வணிகர், அனுப்பும் கடன் உறுதிக் கடிதத்தையே பிணையாகக் காட்டித் துணி வாங்க வங்கி இன்னொரு கடிதம் திறக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அங்கே துணி வங்கியுடையது என்று சொல்லலாம். இந்தியாவில் கோட்டாவைப் பங்கிட்டது 1978-ல் அமைந்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் குழு. முந்தைய ஆண்டுகளில் அனுப்பியவருக்கே அடுத்த ஆண்டும் பங்கு கிடைக்கும். அந்தப் பங்கையே விலைபேசி விற்கும் சந்தையும் இருந்தது. திருப்பூரில் அந்நாளில் கோட்டா வைத்திருந்தவர் மிஷின் வைத்திருந்தவரைவிட நிம்மதியாகத் தூங்கினார் என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்கிறார்கள்.

தைத்தவர்கள் நிம்மதியாக இருந்தார்களா என்பது வேறு விஷயம். ஏற்றுமதி சூடுபிடித்த அந்தத் தொடக்க ஆண்டுகளிலேயே, 1984-ல், பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான்கு மாதம் சம்பளமில்லாமல் ஒரு ஊர் நின்றது. விலைவாசி ஏறினால் கூலியும் ஏற வேண்டும் என்ற அந்தக் கோரிக்கையின் நியாயத்தை இன்று பேசும்போதுகூட முதலாளிகள் மறுப்பதில்லை. அதற்குப் பின் பீஸ் ரேட் முறையும் காண்ட்ராக்ட் முறையும் இன்னும் பெருகின. ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், இங்கே சாதாரண வேலை நாள். காலையில் போன பெண் இரவு எட்டரைக்குத் திரும்புகிறாள். மதுரை, தேனி, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் வந்த ஊருக்கு இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து ரயில் வருகிறது. மேற்கு நாடுகளின் கடையில் தொங்கும் டிசர்ட் விலையில் தைத்தவருக்குப் போவது பெரும்பாலும் மூன்று விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுகிறது. கூலியை ஒரு மடங்கு கூட்டினாலும் கடை விலை பெரிதாக நகராது. ஆனாலும் விலை பேசும்போது முதலில் கை வைப்பது அங்கேதான். நூல் விலையைப் பையர் நாளிதழில் பார்த்துவிடுகிறார், சாயத்துக்கு ரேட் கார்டு இருக்கிறது. அவர் கண்ணுக்கு வளைந்துகொடுக்கக்கூடியதாகத் தெரிவது மனிதர்களின் நேரம் ஒன்றுதான்.

1980-களிலும் 90-களிலும் பையர்கள் வங்கி வழியாகக் கடன் உறுதிக் கடிதம் திறந்தார்கள். கப்பலில் ஏற்றிய ஆவணத்தைக் காட்டினால் பணம் வரும். துணி கம்பெனியுடையது என்றாலும் அது யார் கைக்குப் போகும் என்பதில் சந்தேகமில்லை. பெரிய சங்கிலிக் கடைகளின் கை ஓங்கிய பிறகு அந்தக் கடிதம் மெல்ல மறைந்தது. இன்று பெரும்பாலும் ஓப்பன் அக்கவுண்ட். சரக்கு போய்ச் சேர்ந்து அறுபது, தொண்ணூறு, சில நேரம் நூற்றிருபது நாள் கழித்துப் பணம். நூல் வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் அரை ஆண்டு. அதுவரை துணியும் அதில் ஏறிய சாயமும் தையலும் திருப்பூர்க்காரரின் வங்கிக் கடனில் நிற்கின்றன.

தரம் பார்க்கும் முறையும் இதே சாய்வு கொண்டதுதான். பெரும்பாலான பையர்கள் 2.5 என்ற ஏற்பளவை வைத்திருக்கிறார்கள். மூவாயிரத்து இருநூற்றொன்று முதல் பத்தாயிரம் வரை பீஸ் உள்ள ஒரு லாட்டில் 200 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். குறையுள்ளது 10 வரை இருந்தால் பாஸ். 11 ஆனால் முழு லாட்டும் நிற்கும். அத்தனையையும் பிரித்து, மீண்டும் செக்கிங் செய்து, மீண்டும் மடித்துக் கட்ட வேண்டும். அதற்குள் தூத்துக்குடியில் கப்பல் போய்விட்டால் சரக்கு விமானத்தில் போகும், வாடகை கம்பெனியுடையது. “ஏர்ல போயிருச்சுங்க” என்று இந்த ஊரில் ஒருவர் சொன்னால் அந்த ஆர்டரில் லாபம் போய்விட்டது என்று அர்த்தம். அந்தத் தாமதத்துக்குக் காரணம் சில நேரம் பையரே. சீல் சாம்பிளை ஒப்புக்கொள்ள இரண்டு வாரம் எடுத்துக்கொண்டிருப்பார். நாள் கணக்கில் அது சேராது.

2020 மார்ச் மாதத்தில் இந்த ஏற்பாட்டின் முழு உருவமும் வெளியே தெரிந்தது. கொரோனாவால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடின. தைத்து முடித்த, தைத்துக்கொண்டிருந்த, துணி வாங்கிவைத்த ஆர்டர்களைப் பல பையர்கள் அடுத்தடுத்து ரத்து செய்தார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஆனர் அந்த மாதமே வங்கதேசக் கம்பெனிகளிடம் கணக்கெடுத்தார். ஆர்டரை ரத்து செய்த பையர்களில் 72 விழுக்காட்டினர் ஏற்கெனவே வாங்கிய துணிக்குப் பணம் தர மறுத்தார்கள். 91 விழுக்காட்டினர் வெட்டித் தைத்த செலவையும் மறுத்தார்கள். 807 காலத்தில் இப்படி நடந்திருக்க முடியாது. அன்று எல்லைக்கு அப்பால் தேங்கியிருக்கக்கூடியது அமெரிக்கக்காரரின் சொந்தத் துணி. அதைக் கைவிட்டால் தன்னுடையதையே கைவிடுவதாகும். 2020-ல் தேங்கியது டாக்காவின் துணி, திருப்பூரின் துணி.

நாங்கள் அந்தக் கம்பெனிக்குப் போனபோது வேறொரு தேக்கம். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு கூடுதல் வரி போட்டிருந்தது. பருத்திப் பின்னல் டிசர்ட்டுக்கு ஏற்கெனவே இருந்த 16.5 விழுக்காடு தனி. திருப்பூர்ச் சரக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. வரியைக் கட்ட வேண்டியவர் சட்டப்படி அமெரிக்க இறக்குமதியாளர். ஆனால் அதில் பாதியைத் தள்ளுபடியாகக் கொடு என்று கம்பெனிகளுக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது. பேக்கிங் மேசையில் பெண்கள் அட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அட்டையில் டாலர் விலை அச்சாகியிருந்தது. விற்கும் விலை முன்பே முடிவாகிவிட்ட பொருளுக்கு வாங்கும் விலை இன்னும் பேச்சில் இருந்தது.

துணி இங்கே தங்குவதைப் போலவே, துணி விட்டுச்சென்றதும் இங்கேயே தங்கியது. பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். பிடித்தபின் உப்பெல்லாம் தண்ணீரோடு வெளியேறும். ஆண்டுக்கணக்கில் அது நொய்யலில் போனது. ஈரோடு, கரூர்ப் பக்கத்து வயல்களுக்காக 1992-ல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேக்கமானது. அணை கட்டியது யாருக்காகவோ அந்த விவசாயிகளே தண்ணீரைத் திறக்காதே என்று போராட வேண்டி வந்தது. நீதிமன்றப் படிகள் பல ஏறி இறங்கிய பின், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கழிவைச் சுத்திகரிக்காத சாய ஆலைகளை மூடச் சொன்னது. எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாறியபின்தான் திறந்தன. சவ்வு வழியே வடிகட்டி, மிஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் அந்த முறைக்கு மின்சாரமும் விறகும் ஏராளம். பதினைந்து கிலோவுக்கு எவரும் மிஷின் ஓட்டாததற்கு அதுவும் ஒரு காரணம். இந்தச் செலவைப் பல பையர்கள் விலையில் ஒப்புக்கொள்வதில்லை. சாயம் சுத்தமாக நடக்க வேண்டும் என்று நடத்தை விதி எழுதி அனுப்புகிறவர்களும் அவர்களேதான். இதில் எனக்குக் கோபம் உண்டு. அதை மறைத்து எழுத முடியவில்லை.

நண்பர் சோர்ந்துவிட்டார். முதலாளியே சொன்னார், காதர்பேட்டைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள் என்று. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்தச் சந்தையில் ஏற்றுமதியில் மிஞ்சியது, செக்கிங்கில் கழிந்தது, பையர் எடுக்காமல் விட்டது எல்லாம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். பிராண்ட் லேபிளை வெட்டியிருப்பார்கள். வெட்டிய லேபிளின் நுனி கழுத்துத் தையலில் இரண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு நிறத்தில் சாதா டிசர்ட் முந்நூறு அங்கே ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும், எழுத்து மட்டும் அச்சிட்டால் போதும். நண்பர் ஒன்றை எடுத்துக் கழுத்தைப் புரட்டிப் பார்த்தார், வைத்துவிட்டார். விலை அவர் நினைத்ததில் பாதி. “இது இன்னொருத்தன் வேண்டாமெண்டு விட்டது” என்றார். “இதை வைச்சு நான் என்ர பேரைப் போடுறது சரியில்லை.”

மறுநாள் மறுபடி கம்பெனிக்குப் போனோம். 2025 ஜூலை 24-ல் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்போது ஆடைக்குச் சுங்கம் இருக்காது என்பது நண்பரின் நம்பிக்கை. அதை எதிர்பார்த்து எண்ணிக்கையைக் கூட்டினார். நான்கு நிறம் இரண்டாகக் குறைந்தது, கறுப்பும் வெள்ளையும். ஐந்து சைஸ் நான்கானது. மொத்தம் அறுநூறு பீஸ். அப்போது கணக்கு கலருக்கு அறுபது கிலோ. முதலாளி யோசித்தார். வேறொரு ஆர்டருக்கு அடுத்த வாரம் இதே நூலில் கறுப்பும் வெள்ளையும் ஓடப்போகிறது, அந்த லாட்டோடு சேர்த்துவிடலாம் என்றார். தையலை ஷிப்ட் டெய்லர்களை வைத்துக் கம்பெனிக்குள்ளேயே முடிக்கலாம், பீஸ் ரேட்டுக்கு வெளியே அனுப்பினால் சின்ன ஆர்டரை அவசரத்தில் கெடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். எழுத்து பிரிண்ட் ஆனபின் கழுவிப் பார்த்து ஒரு சாம்பிள், அதை ஒப்புக்கொண்டபின் மற்றவை.

பணப் பேச்சு வந்தது. நண்பர் தயங்கவில்லை.

“நூல், சாயம் எல்லாத்துக்குமான காசை இப்பவே போட்டுவிடுறன் ஐயா. மிச்சம் பெட்டி கட்டுற அண்டைக்கு. துணி என்ர காசிலயே இருக்கட்டும்.”

முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. பேரேட்டைத் திறந்து தேதி போட்டார், தொகையை எழுத்தாலும் எழுதினார்.

“முப்பது வருசமா ஏத்துமதி பண்றனுங்க தம்பி. அம்பதாயிரம் பீஸ் போடறவங்ககூட இதக் குடுத்ததில்லீங்க.”

டெலிவரி சலான் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லிப் பையனை உள்ளே அனுப்பினார். உள்ளே மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மதியச் சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.